எஸ்எம்எஸ் நினைவூட்டல் நின்றுபோனது: பங்காளிகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நம் ஐயா வீட்டுப் பொதுக் காலண்டரிலிருந்து இப்போது யாருக்கும் எஸ்எம்எஸ் வருவதில்லை. மின்னஞ்சலையும் காலண்டரையும் சேர்த்துத் தருகிற அந்தச் சேவை (பெயர் எதற்கு, நமக்கெல்லாம் தெரியும்) அந்த வசதியையே எடுத்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பங்காளிகளுக்குள் முறை வைத்து மாறி வரும்; இந்த வருடம் அந்த முறை எங்களுடையது, நானும் காரைக்குடியிலேயே இருக்கிறேன். அதனால் போன் எல்லாம் எனக்குத்தான் வருகிறது. சிங்கப்பூர்க்காரர்கள் காலை எட்டு மணிக்கு நிதானமாகக் காபி குடித்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அப்போது ஐந்தரை.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். பொதுக் காலண்டர் வைத்திருக்கிற மற்ற வளவுக்காரர்களுக்கும் (கூட்டு வீட்டுக்காரர்களுக்கும்) பயன்படட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி போடுகிறேன்.

சரியாக என்ன நின்றது?

காலண்டரில் ஒரு நிகழ்ச்சி வருவதற்கு முன்னால் நம் எண்ணுக்கு வந்த குறுஞ்செய்தி நின்றது. முக்கியமான மின்னஞ்சல் வந்தால் "கடிதம் வந்திருக்கிறது" என்று தட்டிச் சொல்லும் குறுஞ்செய்தியும் நின்றது. காலண்டர் அப்படியேதான் இருக்கிறது. அதில் போட்டு வைத்தது எதுவும் அழியவில்லை. ஆப்பில் வரும் அறிவிப்பும் மின்னஞ்சலில் வரும் நினைவூட்டலும் முன்போலவே வேலை செய்கின்றன.

முன்கூட்டியே சொல்லவே இல்லையா?

சொன்னார்கள். தவறு என்னுடையது. "சேவையில் சில மாற்றங்கள்" என்கிற மாதிரி தலைப்போடு ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்படித் தலைப்பு போட்டு வருவதை யார் படிக்கிறார்கள்? நானும் படிக்காமல் அழித்தேன்.

விளைவை ஐப்பசியில்தான் பார்த்தேன். மழைக்கு முன்னால் வளவில் (நடுமுற்றத்தில்) உள்ள தூம்பை, அதாவது தண்ணீர் வெளியே போகும் வழியை, சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். அவரும் ஆளைக் கூட்டி வந்து இலை, சருகு, குருவிக்கூடு எல்லாம் எடுத்துவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இந்த முறை மிஸ்டு கால் வரவில்லை. நானும் கவனிக்கவில்லை. முதல் பெருமழை அன்று நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில் இறங்கி, போக வழியில்லாமல் பட்டாலை (உயரமான கூடம்) படி வரை ஏறி நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சியால் தூம்பைக் குத்திக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்ணே, மெசேஜ் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"மழை வந்துச்சு தம்பி. மெசேஜ் வரல."

ஏன் நிறுத்துகிறார்கள்? காசு மிச்சம் பிடிக்கவா?

நம் சேவையின் உள்கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் இது புது வழக்கமல்ல. கூகுள் காலண்டர் 2015 ஜூன் 27 முதல் பொதுப் பயனர்களுக்கு எஸ்எம்எஸ் நினைவூட்டலை நிறுத்தியது. ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய காலத்து வசதி அது, இப்போது போனிலேயே இதைவிட நல்ல அறிவிப்பு கிடைக்கிறது, நெட் இல்லாவிட்டாலும் கிடைக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் பாதி உண்மை. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கு அது உண்மை. நம் வீட்டு அண்ணனின் கையில் இருப்பது பட்டன் போன்.

இந்தியாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது ஒரு நிறுவனத்துக்கு இப்போது சுலபமும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மொத்தமாகச் செய்தி அனுப்புகிற நிறுவனம் தன் பெயர்த் தலைப்பையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில் உள்ள வாசகத்தோடு பொருந்தாத செய்தியை வழியிலேயே தடுத்துவிடலாம். 2021 மார்ச் 8 அன்று இதைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது ஓடிபி கூட வராமல் நாடே தவித்தது நினைவிருக்கும். மறுநாளே ஒரு வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். காலண்டர் செய்தியிலோ ஒவ்வொருவர் எழுதுவதும் வேறு வேறு. "தூம்பு சுத்தம்" என்று நான் எழுதுவேன், "அயித்தை வீட்டு வேவு" என்று இன்னொருவர் (அத்தை வீட்டுச் சீரைத்தான் சொல்கிறார்) எழுதுவார். இதற்கெல்லாம் முன்கூட்டியே வாசகம் எப்படிப் பதிவது?

சிங்கப்பூரிலும் இதே கதை. 2023 ஜனவரி 31 முதல் அங்கே பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸின் தலையில் "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரை விழுகிறது. ஆக, அனுப்பச் செலவாகிறது, ஊருக்கு ஒரு சட்டம் இருக்கிறது, வாங்குகிறவர் சந்தேகப்படுகிறார். நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை. வருத்தம் உண்டு.

பணம் கட்டுகிற கணக்குக்கு மாறினால் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. கூகுளும் முதலில் அலுவலகம், பள்ளி, அரசுக் கணக்குகளுக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸை விட்டுவைத்தது. 2019 ஜனவரி 7 முதல் அவர்களுக்கும் இல்லை.

என் எண்ணில் டிஎன்டி போட்டிருக்கிறேன். அதனால்தான் வரவில்லையோ?

இல்லை. 1909க்குச் சொல்லிப் போடுகிற டிஎன்டி விளம்பரச் செய்திக்குத்தான். அதை எடுத்துவிட்டால் காலண்டர் செய்தி திரும்ப வரப்போவதில்லை, மனை விற்கிறவர்களின் செய்திதான் வரும்.

பேங்க் எஸ்எம்எஸ், கரண்டு பில் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம்?

அவை வேறு கணக்கு, அவற்றை பேங்க்கும் மின்வாரியமும் தனித்தனியே அனுப்புகின்றன. நம் மின்னஞ்சல் சேவைக்குள் நுழையும்போது கேட்கும் ஓடிபியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் கணக்கில் இருக்கும் உங்கள் எண்ணை "இனி எதற்கு" என்று அழித்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு மறந்தால் அந்த எண்தான் கை கொடுக்கும்.

என்னிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

காலண்டர் ஆப்பைப் போட்டு, கணக்கில் நுழைந்து, நம் வீட்டுக் காலண்டருக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டும் போதாது. நிறையப் பேருக்கு இதற்குப் பிறகும் மணி அடிக்கவில்லை. போன வாரம் அம்மான் ஒருவரின் போனை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் அடைத்துக்கொண்டிருந்தது.

ஒன்று, அறிவிப்புக்கான அனுமதி. ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாகப் போடுகிற ஆப் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று நம்மிடம் கேட்டாக வேண்டும். எரிச்சலில் "வேண்டாம்" என்று தட்டியிருப்போம். இரண்டாவது, பேட்டரி சேமிப்பு. சில கம்பெனி போன்கள், நாம் ஒரு ஆப்பைக் கொஞ்ச நாள் திறக்காவிட்டால் அதைத் தூங்கவைத்துவிடும். செட்டிங்ஸில் காலண்டர் ஆப்புக்குப் போய், பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்ற வேண்டும். "ஆட்டோ ஸ்டார்ட்" என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அம்மான் கோவிலுக்குப் போகும்போது போனைச் சைலண்டில் போட்டவர் திரும்ப எடுக்கவே இல்லை. பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இன்னொன்று. காலண்டர் அறிவிப்பு ஒரே ஒரு "டிங்". அலாரம் மாதிரி எழுப்பாது. அதனால் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நினைவூட்டலோடு நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் முன்னால் ஒன்று, முதல் நாள் மாலை ஒன்று, அன்று காலை ஒன்று வையுங்கள். கூகுள் காலண்டரில் ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து வரை வைக்கலாம்.

நீதான் காலண்டரில் ஏற்றிவிட்டாயே, என் போனில் ஏன் அடிக்கவில்லை?

அதிகமாக வந்த கேள்வி இதுதான். இதில் கொஞ்சம் கோபமும் கலந்து வருகிறது.

பொதுக் காலண்டரில் நிகழ்ச்சி பொது, நினைவூட்டல் அவரவருடையது. "ஒரு நாள் முன்னால் சொல்" என்று நான் வைத்தால் அது என் போனுக்கு மட்டும். உங்கள் போன் எப்போது சொல்ல வேண்டும் என்பதை நீங்கள்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வைக்கத் தேவையில்லை. செட்டிங்ஸில் ஐயா வீட்டுக் காலண்டரைத் திறந்து, பொதுவான நினைவூட்டல் என்று ஒரு முறை வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நேரம் குறித்த நிகழ்ச்சிக்கு ஒன்று, முழுநாள் நிகழ்ச்சிக்கு வேறொன்று என்று தனித்தனி இடம் இருக்கும். படைப்பு (முன்னோருக்குப் படையல்), திருவிழா எல்லாம் நான் முழுநாள் என்றுதான் ஏற்றுவேன். இரண்டாவதையும் மறக்காமல் வையுங்கள்.

நெட் இல்லாத நேரத்தில்?

காலண்டர் ஒரு முறை போனுக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் மணி அடிப்பது போன்தான், அதற்கு நெட் வேண்டாம். ஆனால் நேற்று இரவு நான் தேதியை மாற்றி, உங்கள் போன் அதற்குப் பிறகு நெட்டைப் பார்க்கவே இல்லை என்றால் பழைய தேதிக்குத்தான் அடிக்கும்.

ஆப் எல்லாம் வேண்டாம். மின்னஞ்சலில் வந்தால் போதும்.

தாராளமாக. நினைவூட்டலின் வகையை "அறிவிப்பு" என்பதிலிருந்து "மின்னஞ்சல்" என்று மாற்றினால் போதும். கூகுள் காலண்டரில் அன்றன்றைய நிகழ்ச்சிகளை மொத்தமாகக் காலையில் ஒரே மின்னஞ்சலாக அனுப்பும் வசதியும் உண்டு. ரிடையர் ஆனவர்கள் பலருக்கு அதுதான் பிடித்திருக்கிறது, பேப்பர் படிப்பதோடு அதையும் படித்துவிடுகிறார்கள்.

படைப்புக்கு வர பல்லவனில் டிக்கெட் எடுக்க வேண்டும். எப்போது நினைவுபடுத்தும்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள், காலை 8 மணிக்குத் திறக்கும். ஆனால் கூகுள் காலண்டரில் நினைவூட்டலை அதிகபட்சம் 4 வாரம் முன்னால்தான் வைக்க முடியும். நம் சேவையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். படைப்பு நாளிலிருந்து பின்னோக்கி 60 நாள் போக அதனால் ஆகாது.

அதனால் "டிக்கெட் இன்று திறக்கிறது" என்று தனி நிகழ்ச்சியாகவே ஏற்றிவிட்டேன், காலை 7.45க்கு. வருவதற்கு ஒன்று, திரும்பிப் போவதற்கு ஒன்று. இரண்டையும் பாருங்கள். போன வருடம் வருவதற்கு மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்கள் யாரென்று நான் சொல்லப்போவதில்லை.

ஐயா திதி, பிள்ளையார் நோன்பு இவற்றையெல்லாம் "வருடாவருடம்" என்று போட்டுவிடலாமா?

கூடாது. "வருடாவருடம்" என்றால் காலண்டர் ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொள்ளும். திதி அப்படி நிற்காது. பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் பார்த்து வருவது. டிசம்பரில் ஒரு தேதியை அடித்து வைத்தால் அடுத்த வருடம் எல்லாரும் இழை எடுத்து நோன்பை முடித்த பிறகு "நாளை நோன்பு" என்று போன் சொல்லும். வருடம் பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக நான் ஏற்றுகிறேன். ஒரு மாலை நேர வேலை, அவ்வளவுதான். வீட்டுவரி மாதிரி ஆங்கிலத் தேதியில் வருபவை மட்டும் "வருடாவருடம்" என்று இருக்கின்றன. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. நம் வீட்டின் அளவுக்கு அது சின்னத் தொகை இல்லை.

சிங்கப்பூர் நேரத்தில் காட்டுமா, ஊர் நேரத்தில் காட்டுமா?

நேரம் குறித்த நிகழ்ச்சி உங்கள் ஊர் நேரத்துக்கு மாறிக் காட்டும். இங்கே காலை 6 மணி பூஜை அங்கே 8.30 என்று தெரியும், அது சரிதான். ஊருக்கு வந்து இறங்கியதும் போன் தானாகவே மாறிக்கொள்ளும்.

பட்டன் போன்காரர்களுக்கு என்ன வழி?

இதற்குத்தான் அதிகம் யோசித்தேன். எஸ்எம்எஸ் நின்றதில் நிஜமாகவே பாதிக்கப்பட்டவர்கள் இவர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஒரு வழி அடைத்தால் நான்கு வழி திறந்திருக்கிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனின் போன் பட்டாலைத் தூணுக்குப் பக்கத்தில் உள்ள மாடத்தில் இருக்கும். பின்மூடி கழன்றதால் ரப்பர் பேண்டு போட்டிருப்பார். அங்கே வைத்தால்தான் டவர் கிடைக்கும், இரண்டாம் கட்டுக்குள் போனால் அந்தச் சுவர் கனத்துக்கு ஒன்றும் வராது. குறுஞ்செய்தி அவருக்கு ஏன் சரியாக இருந்தது என்றால், போன் அணைந்திருந்தாலும் டவர் இல்லாவிட்டாலும் அது கம்பெனியில் காத்திருந்து, கிடைத்ததும் வந்து சேரும். வந்தது அழியாமல் இருக்கும். பேரன் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்துச் சொல்வான்.

இப்போது நான் செய்வது இது. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் மெசேஜஸ் ஆப்பில் ஒரு எஸ்எம்எஸ் எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எந்தத் தேதி, எந்த நேரம் என்று கேட்கும். குறித்துவிட்டால் அன்று அதுவே அனுப்பிவிடும். மொத்தமாக அனுப்பும் நிறுவனத்துக்கான பதிவெல்லாம் இதற்கு வேண்டாம், என் எண்ணிலிருந்து உங்கள் எண்ணுக்குப் போகிற சாதாரணச் செய்தி. நிபந்தனை ஒன்றுதான்: அந்த நேரத்தில் என் போன் உயிரோடு இருக்க வேண்டும், டவர் இருக்க வேண்டும். அதனால் நள்ளிரவு, பயண நேரம் எல்லாம் தவிர்த்துக் காலை 9 மணி என்று வைக்கிறேன்.

தமிழில் எழுதுங்கள், ஆனால் சுருக்கமாக. ஆங்கில எழுத்தில் 160 எழுத்து வரை ஒரு எஸ்எம்எஸ். தமிழில் 70தான், அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி எழுத்தாகவே எண்ணப்படும். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் போகும், பழைய போன்களில் பின்பாதி முன்னால் வந்து நிற்கும். "வணக்கம் அண்ணே, நலமா" என்பதை எல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். "தூம்பு சுத்தம். நாளைக்கு ஆள் சொல்லவும்." போதும்.

அண்ணன் மிஸ்டு கால் கொடுத்தால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. மதியம் வரை வராவிட்டால் நானே கூப்பிடுவேன்.

அவர் போனுக்கு ரீசார்ஜ் யார் செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. இதை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். கெடு முடிந்து கொஞ்ச நாளானால் அந்த சிம்முக்கு யார் அனுப்பினாலும் எஸ்எம்எஸ் போகாது. அவருக்கு டேட்டாவே வேண்டாம். 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டங்களும் கிடைக்கின்றன. வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து அதைப் போட்டுவிட்டு, கெடு முடிகிற தேதியையும் காலண்டரில் ஏற்றியிருக்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே?

தெரியாது. குழுவில் நான் திங்கட்கிழமை போட்ட படைப்புத் தேதிக்கு மேல் செவ்வாய்க்குள் 64 வந்து விழுந்திருந்தது. முக்கால்வாசி காலை வணக்கம், ஒரு பேரன் நடக்கிற வீடியோ, அதற்கு எல்லாரும் போட்ட கைதட்டல். பேரன் அழகாகத்தான் நடக்கிறான். ஆனால் குழு என்பது முகப்புத் திண்ணை மாதிரி, உட்கார்ந்து பேசலாம், அதில் கணக்குப் புத்தகத்தை வைக்க முடியாது. தேதி காலண்டரில் இருக்கட்டும், குழுவில் "காலண்டரைப் பாருங்கள்" என்று மட்டும் போடுகிறேன்.

"உங்கள் எஸ்எம்எஸ் வசதி முடிந்தது, மீண்டும் பெற இந்த லிங்கைத் தொடவும்" என்று வந்ததே?

தொடாதீர்கள். அது திருட்டு. நின்றுபோன வசதியை எந்த லிங்கும் திருப்பித் தராது. பதிவு பெற்ற நிறுவனத்தின் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, எழுத்துத் தலைப்பில்தான் வரும். 2025 முதல் அதன் கடைசியில் அது விளம்பரமா, சேவையா, அரசா என்று காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். ஏற்கெனவே தொட்டுப் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். நேரம் ஆக ஆகப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

பேசாமல் வேறு சேவைக்கு மாறிவிட்டால்?

மாறுவது கஷ்டமில்லை, காலண்டரைக் கோப்பாக இறக்கி இன்னொன்றில் ஏற்றலாம். ஆனால் எஸ்எம்எஸ்ஸுக்காக மாறுவதில் அர்த்தமில்லை. இன்றைக்கு அனுப்புகிற சேவை நாளைக்கும் அனுப்பும் என்று யார் சொல்வது? அதோடு, இத்தனை பங்காளிகளையும் மறுபடி ஒவ்வொருவராகச் சேர்க்க என்னிடம் தெம்பில்லை. அடுத்த முறைக்காரர் விரும்பினால் செய்யட்டும்.

அடுத்த வருடம் முறை மாறும்போது உன் போனில் இருக்கிற மெசேஜ் எல்லாம் என்ன ஆகும்?

என் போனோடு போய்விடும். நேரம் குறித்து வைத்த செய்திகளை இன்னொருவர் போனுக்கு மாற்றும் வழி எதையும் நான் பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு செய்தியின் வாசகத்தையும் தேதியையும் காலண்டரில் அந்தந்த நிகழ்ச்சியின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். வருகிறவர் பார்த்துத் தன் போனில் ஏற்றிக்கொண்டால் போதும். சித்திரையில் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானே ஏற்றித் தருகிறேன். சாவி 43, மெசேஜ் 19.